பொதுக்கிணறும் அரைச் செக்கனும்

ஊர்ப் பொதுக்கிணறு ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். காலையிலே குடத்தோடு வருவோர், மாலையிலே குளிக்க வருவோர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோர், வழியிலே விடாய் தீர்ப்போர் ஆகிய எல்லார்க்கும் அது சொந்தம். துலாக்கயிறு அறுந்த அன்றுதான் அஃது எவர்க்குஞ் சொந்தமில்லாத கிணறாகிவிடுகின்றது. "இதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லையா?" என்று கேட்போர் பலர். கேட்பவருள் ஒருவரேனும், அந்த ஆள் தாமாகவே இருக்கலாமே என்று எண்ணுவதில்லை. ஆயினும் கோடை வந்ததும் யாரோ ஒருவர் கிணற்றை இறைத்துச் சேறு வாரிவிடுகின்றார். ஆண்டுதோறும் இது நடந்துவருகின்றபடியால், கிணறு தன்னைத்தானே துப்புரவு செய்துகொள்ளும் இயல்புடையது என்று ஊரார் நம்பிவிடுகின்றனர்.

நான் இன்று பேசப் புகுந்தது கிணற்றைப்பற்றியன்று, கணனியைப்பற்றி. ஆனால் கணனி உலகத்திலும் இத்தகைய கிணறுகள் உள. அவற்றிலேதான் பெரிய பெரிய கொம்பனிகளும் அரசாங்கங்களும் வங்கிகளும் தண்ணீர் அள்ளுகின்றன. அக்கிணறுகளுக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர்.

பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. கடையிலே பயற்றம் பணியாரம் வாங்குகின்றோம். உண்ணலாம், சுவைக்கலாம், விலை கூடிவிட்டதென்று குறைகூறலாம். எத்தனை படி பயறு, பாகு எந்தப் பதம், ஏலம் எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். கணனியை இயக்கும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளைப் பல கொம்பனிகள் இவ்வாறே விற்கின்றன. பண்டம் தருவார்கள், பக்குவம் சொல்லமாட்டார்கள். அப்பக்குவத்துக்கு மூலநிரல் என்று பெயர். திறந்த மூலக்காரரோ பணியாரத்தோடு பக்குவத்தையும் எழுதிக் கையிலே தந்து, "நீங்களும் சுடுங்கள், சர்க்கரையைக் குறைக்கவேண்டுமானால் குறையுங்கள், அயலாருக்குங் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகின்றனர்.

இவ்வியக்கம் பிறந்த கதை சிறிது நகைப்பிற்குரியது. அஃது ஓர் அச்சுப்பொறியில் தாள் சிக்கியதனால் பிறந்தது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே, ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் நிரலாளர் ஒருவர் வேலை செய்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறி அடிக்கடி தாளைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். அவர் அதன் நிரலைத் திருத்தி, பொறி நின்றவுடன் அதற்காகக் காத்திருப்போரின் கணனிகளுக்கு அஃது அறிவிக்குமாறு செய்திருந்தார். பின்னர் செரொக்ஸ் கொம்பனியின் புதிய பொறி வந்தது. அதுவும் தாளைக் கவ்விக்கொண்டது. தாள் சிக்குவதில் பழையதும் புதியதும் ஒரு குலமே. ஆனால் இதனோடு மூலநிரல் வரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் ஸ்டோல்மன் சென்று கேட்டபோது, பிறர்க்குக் கொடேன் என்று கொம்பனிக்கு வாக்களித்துவிட்டதாக அவர் மறுத்துவிட்டார். நம்மில் ஒருவராயின் இரண்டு சொல் ஏசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஸ்டோல்மன் போகவில்லை. 1983ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே, எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவுங் கூடிய ஒரு முழு மென்பொருட் கூட்டத்தையே ஆக்கப்போவதாக உலகுக்கு அறிவித்தார்.

இங்கே நம் மொழிக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் விடமுடியவில்லை. ஆங்கிலத்திலே விடுதலைக்கும் 'பிறீ' என்பதே சொல், இலவசத்துக்கும் 'பிறீ' என்பதே சொல். ஆதலால் ஸ்டோல்மன், "நான் சொல்வது விடுதலை, இனாம் அன்று" என்று பல்லாண்டுகளாகத் தொண்டை நோக விளக்கவேண்டியதாயிற்று. தமிழனுக்கு அந்தத் தொல்லை இல்லை. விடுதலை வேறு, இலவசம் வேறு என்று நம் அகராதி முன்னமே பிரித்துவைத்திருக்கின்றது. அகராதிதான் பிரித்தது, நம் கை எப்போதும் இலவசத்தின் பக்கமே நீளும் என்பது வேறு விடயம்.

1991ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், பின்லாந்தின் தலைநகராகிய எல்சிங்கியிலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தாமும் ஒன்று செய்துகொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்கென்றும், பெரிதாக வரப்போவதில்லையென்றும் இணையத்திலே அறிவித்தார். அதுவே லினக்ஸ். சோதிடம் சொல்வதில் அவ்விளைஞருக்குத் திறமை போதாது. 2017ஆம் ஆண்டு கார்த்திகை மாதந் தொடக்கம் உலகின் மிக வலிய 500 கணனிகளின் பட்டியலிலே உள்ள ஒவ்வொன்றும் லினக்ஸினாலேயே இயங்குகின்றது. நம்மவர் கையிலே உள்ள அண்ட்ரொயிட் கைப்பேசிகளின் உள்ளேயும் அதுவே அடித்தளம். மைக்ரோசொப்ட் கொம்பனியின் அக்காலத் தலைவர் 2001ஆம் ஆண்டில் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அவருக்கு அடுத்து வந்த தலைவர் 2014ஆம் ஆண்டில் மேடையேறி, மைக்ரோசொப்ட் லினக்ஸை நேசிக்கின்றது என்றார். 2018ஆம் ஆண்டில் அதே கொம்பனி, திறந்த மூலக்காரர் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் என்னும் பெருங்களஞ்சியத்தை 7.5 பில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்கியது. 13 ஆண்டுகளில் நோய் காதலாகி, 17 ஆண்டுகளில் சீதனமும் பேசி முடிந்தது.

இவையெல்லாம் அயல்நாட்டு விடயங்கள், நமக்கென்ன என்று எண்ணுவோர் 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதியை நினைவுகூரல் வேண்டும். கடல் எழுந்து நம் கரைகளில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிச்சென்ற அந்நாளின் பின், எந்த முகாமில் எவர் உளர், எந்தப் பிள்ளையை எந்தத் தாய் தேடுகின்றாள், எந்த ஊருக்கு அரிசி போயிற்று, எதற்குப் போகவில்லை என்பன ஆயிரக்கணக்கான கடதாசித் துண்டுகளிலே சிதறிக்கிடந்தன. அவ்வேளையிலே இலங்கையின் கணனி வல்லுநர் பலர் தொண்டராகத் திரண்டு, சில கிழமைகளுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி கேட்போரையும் கொடுப்போரையும் இணைக்கும் பதிவு ஆகியன அதிலே அடங்கின. அதற்குச் 'சகன' என்று பெயரிட்டனர். சிங்களத்திலே துயர்தீர்ப்பு என்பது பொருள். அதன் மூலநிரலை அவர்கள் பூட்டிவைக்கவில்லை. ஆகவே 2005ஆம் ஆண்டில் பாகிஸ்தானிலே நிலம் நடுங்கியபோதும், 2006ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸிலே மலை சரிந்தபோதும், அதே ஆண்டு யாவாவின் யோக்யகார்த்தாவிலே நிலம் நடுங்கியபோதும் அது பயன்பட்டது. எவரும் வந்து அநுமதி கேட்டுக் காத்திருக்கவேண்டியதில்லை. ஸ்டோல்மன் நிறுவிய மன்றம் சமுதாய நலனுக்கான தன் பரிசினை 2006ஆம் ஆண்டுக்குச் சகனவுக்கு அளித்தது. விடுதலை வேறு, இலவசம் வேறு என்றேனே, அந்த வேற்றுமை இங்கே விளங்கும். இலவசமாகக் கொடுத்த பூட்டிய பெட்டியை யாவாவின் தேவைக்கேற்ப மாற்றியமைக்க முடிந்திராது.

கிணறு நல்லது, நீரும் நல்லது. இறைப்பவர் எவர் என்பதே என் வினா.

திறந்த மூலக்காரரிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. பார்க்கும் கண்கள் பலவாயின் எந்தப் பிழையும் ஒளித்திருக்கமுடியாது என்பர். கேட்க இனிமையாக இருக்கின்றது. ஆனால் கண் இருப்பது வேறு, பார்ப்பது வேறு. 2014ஆம் ஆண்டு சித்திரை 7ஆந் திகதி வெளிவந்த ஒரு செய்தி இதைக் காட்டிற்று. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது இணையத்திலே நாம் அனுப்பும் இரகசியச் சொற்களையும் வங்கி இலக்கங்களையும் மறைத்துக் கொண்டுசெல்லும் மென்பொருள். இரண்டு கணனிகள் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்கத்தவர் உயிரோடிருக்கின்றாரா என்று இடையிடையே சோதிப்பது வழக்கம். "நான் 'நெல்' என்கிறேன், இஃது 2 எழுத்து, திருப்பிச் சொல்" என்று ஒரு கணனி கேட்கும். மற்றையது 'நெல்' என்று விடை சொல்லும். இதிலே ஒரு குறும்பர், "நான் 'நெல்' என்கிறேன், இஃது 500 எழுத்து, திருப்பிச் சொல்" என்று கேட்டால் என்ன ஆகும்? எண்ணிப்பார்க்கத் தெரிந்த கணனி கோபிக்கவேண்டும். இந்தக் கணனியோ 'நெல்' என்று சொல்லி, மிகுதி 498 எழுத்துக்கும் தன் நினைவிலே பக்கத்தில் எது கிடந்ததோ அதையெல்லாம் ஒப்புவித்தது. அங்கே கிடந்தவை பிறருடைய இரகசியச் சொற்கள். உலகத்திலே எதையும் எண்ணுவதற்காகவே ஆக்கப்பட்ட ஒரு பொறி, எழுத்தை எண்ண மறந்தது!

அப்பிழை புகுந்தது 2011ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் திகதி இரவு. உலகம் புத்தாண்டை வரவேற்கக் காத்திருந்த வேளையிலே இரண்டோர் அன்பர்கள் ஊருக்காக உழைத்துக்கொண்டிருந்தனர் என்பதை ஏசுமுன் நினைக்கவேண்டும். 2012ஆம் ஆண்டு பங்குனியில் வெளியான பதிப்பிலே அஃது உலகெங்கும் போயிற்று. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இணையத் தளங்கள் அதனாற் பாதுகாப்பிழந்தன என்று கணக்கிட்டனர். அத்தனை வங்கிகளையும் கடைகளையுங் காத்த அம்மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேரமாக அதிலே உழைத்தவர் ஒருவர். கண்கள் பல இருந்தன, உண்மை. அவை தத்தம் இலாபக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன.

2016ஆம் ஆண்டு பங்குனியில் நடந்தது இன்னுஞ் சிறு நிகழ்ச்சி; சுருக்கமாகவே சொல்கிறேன். நிரலாளர் ஒருவர் தம் படைப்பொன்றுக்கு வைத்த பெயர் தொடர்பாக ஒரு கொம்பனியோடு பிணக்குண்டு, பொதுக்களஞ்சியக்காரரும் கொம்பனிப் பக்கமே சாய்ந்தமையால் மனம் வெறுத்து, தாம் அங்கு வைத்திருந்த 273 நிரல்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவற்றுள் ஒன்று 11 வரி உடையது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவு வெற்றிடம் நிரப்புவதே அதன் வேலை. பள்ளிச் சிறுவன் எழுதக்கூடியது. அந்த 11 வரி போனதும் உலகிலே பெயர்பெற்ற பல மென்பொருள்களின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தின்பின் களஞ்சியக்காரர் அதை மீட்டுவைத்தனர். மாளிகை கட்டியவர்கள் மூலைக்கல் ஒன்றை அயல்வீட்டு வேலியிலிருந்து உருவிவைத்திருந்தனர் என்பது அன்றுதான் அவர்களுக்கே தெரியவந்தது.

இனி, கிணறு இறைப்பவரை ஊரார் எவ்வாறு நடத்துகின்றனர் என்று பார்ப்போம். சுவீடன் நாட்டிலே டானியல் ஸ்டென்பேர்க் என்பவர் 1998ஆம் ஆண்டுமுதல் 'கேர்ல்' என்னும் மென்பொருளைப் பேணிவருகின்றார். இணையத்திலிருந்து எதையேனும் எடுத்துவருவதே அதன் தொழில்; கைப்பேசியிலும் மோட்டார் வாகனத்திலும் தொலைக்காட்சியிலும் அஃது உண்டு. பல்லாண்டுகள் அவர் தம் ஓய்வு நேரத்திலேயே இதைச் செய்தார். 2021ஆம் ஆண்டு மார்கழியில் 'லொக்-போர்-ஜே' என்னும் வேறொரு திறந்த மூல மென்பொருளிலே பெரும் பிழை ஒன்று வெளிப்பட்டு உலகமே பதறியது. அடுத்த மாதம் ஸ்டென்பேர்க்குக்கு ஒரு மாபெருங் கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. அப்பிழை உங்கள் பண்டத்தில் உண்டா, என்ன நடவடிக்கை எடுத்தீர் என்று வினாக்களை அடுக்கி, 24 மணி நேரத்துள் விடை தருக என்று ஆணையிட்டிருந்தது. அவரோ அக்கொம்பனியிடம் ஒரு சதமும் வாங்கியவரல்லர். அந்த மென்பொருளுக்கும் அவருக்கும் தொடர்பும் இல்லை. அவர் மிகப் பணிவாக, "உதவி ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவுடன் மகிழ்ச்சியோடு விடை தருவேன்" என்னும் கருத்துப்பட எழுதினார். மறுமொழி வந்தது. அதிலே அவரை 'டேவிட்' என்று விளித்திருந்தனர். இனாமாக உழைப்பவரின் பெயரையேனுஞ் சரியாக எழுதலாம். அதற்கும் ஒப்பந்தம் வேண்டும்போலும்.

பிற்காலத்திலே அவருக்கு வந்த இடர் வேறு வகை. பிழை கண்டுபிடித்துச் சொல்வோர்க்குப் பரிசு உண்டென்று அறிந்த சிலர், செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைக்கொண்டு இல்லாத பிழைகளை இருப்பதாக அழகிய நடையில் எழுதி அனுப்பத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டுமுதல் ஸ்டென்பேர்க் இதனை வெளிப்படையாக முறையிட்டுவருகின்றார். பொய்ப்புகார் எழுதப் பொறிக்கு ஒரு நிமிடம், அது பொய் என்று நிறுவ மனிதருக்கு அரை நாள். கிணற்றிலே பாம்பு விழுந்துவிட்டது என்று நாளுக்குப் பத்துப்பேர் கூவினால், உண்மையிலே பாம்பு விழும் நாளில் யார் இறங்குவார்?

நேயர்களே, பாம்பு விழத்தான் செய்தது. அதுவே நான் சொல்ல விரும்பிய பெருங்கதை.

எக்ஸ்-இசெட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். பயணப் பெட்டியிலே பத்து வேட்டியை அமுக்கி அடுக்கும் கைவல்ய வேலை. லினக்ஸ் உலகத்திலே அஃது இல்லாத இடம் அரிது. பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் பல்லாண்டுகளாக ஏறக்குறையத் தனியாகவே அதைப் பேணிவந்தார். 2021ஆம் ஆண்டில் ஜியா தான் என்ற பெயரோடு ஒருவர் இணையவழியே வந்து, சிறு சிறு திருத்தங்களை அனுப்பலானார். பணிவு, பொறுமை, வேலைச் சுத்தம் எல்லாம் பொருந்திய பிள்ளை. அடுத்த ஆண்டு வேறு சிலர் தோன்றினர். அவர்கள் உதவி செய்யவில்லை, ஏசினர். திருத்தங்கள் மாதக்கணக்கிற் காத்துக்கிடக்கின்றன, உமக்கு அக்கறை போய்விட்டது, வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகும் என்னும் பொருள்பட எழுதினர். அப்பெரியவர், தமக்கு மனச்சோர்வு உண்டென்றும், ஆயினும் அக்கறை போய்விடவில்லையென்றும், இஃது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதை நினைவிற் கொள்ளுமாறும் விடையிறுத்தார். ஜியா தானுக்கு இனிக் கூடிய பொறுப்பு வரலாம் என்றுங் குறிப்பிட்டார். ஏசியவர்கள் அதன்பின் மறைந்தனர். முன்னும் அவர்களை எங்கும் கண்டவர் இல்லை, பின்னும் இல்லை.

2023ஆம் ஆண்டளவில் திறவுகோல் ஜியா தான் கையில் இருந்தது. பதிப்புகளை அவரே வெளியிட்டார். 2024ஆம் ஆண்டு மாசி 24ஆந் திகதி வெளியான 5.6.0ஆம் பதிப்பிலும், பங்குனி 9ஆந் திகதி வெளியான 5.6.1ஆம் பதிப்பிலும் நஞ்சு இருந்தது.

அதை ஒளித்த விதம் மெச்சத்தக்கது. கள்வனாயினும் கைத்திறனை மறுக்கலாகாது. சுருக்கும் மென்பொருளைச் சோதிப்பதற்குச் சில கெட்டுப்போன கோப்புகளை வேண்டுமென்றே வைத்திருப்பர். பார்த்தால் ஒன்றும் புரியாது. புரியாதிருப்பதே அவற்றின் இலக்கணம். நஞ்சு அங்கே பொதிந்துவைக்கப்பட்டது. அதைப் பிரித்தெடுக்குங் கட்டளையோ எல்லாரும் பார்க்கும் பொது இருப்பிலே இல்லை. எடுத்துச்செல்வோர்க்கென்று கட்டிவைத்த பொதியிலே மட்டும் இருந்தது. கிணற்றை எட்டிப்பார்த்தவர் நல்ல தண்ணீரைக் கண்டனர், குடத்திலே ஊற்றிக் கொடுத்தது வேறு.

இந்த நஞ்சு குறிவைத்ததோ எக்ஸ்-இசெட்டை அன்று. தொலைவிலுள்ள கணனிக்குள் அதன் பொறுப்பாளர் நுழையும் வாசல் ஒன்றுண்டு, ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்பர். அதற்கும் எக்ஸ்-இசெட்டுக்கும் நேரே உறவில்லை. ஆனால் லினக்ஸ் வழங்குவோர் சிலர் தம் வசதிக்காக அவ்வாசலை வேறொரு மென்பொருளோடு இணைத்திருந்தனர். அந்த வேறொன்று எக்ஸ்-இசெட்டின் உதவியை நாடுவது. கலியாண வீட்டுக்குச் சம்பந்தியின் சம்பந்தி வந்து பந்தியில் அமர்வதுபோல எக்ஸ்-இசெட் வாசலுக்குள் வந்துவிட்டது. அதனோடு நஞ்சும் வந்தது. தன் கையிலே ஓர் இரகசியத் திறவுகோல் வைத்திருப்பவன், அந்த வாசல் வழியே தான் நினைத்த கட்டளையை நிறைவேற்றலாம். டெபியன், பெடோரா முதலிய பெரிய லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது புகுந்துவிட்டது. சில மாதங்கள் கழிந்திருந்தால் உலகெங்கும் எண்ணற்ற கணனிகளின் புறக்கதவு ஒருவன் கையில் இருந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது காவற்படையன்று, பாதுகாப்புக் கொம்பனியுமன்று. அன்ட்ரேஸ் புரொய்ண்ட் என்னும் நிரலாளர், தரவுத்தள மென்பொருள் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளப்பதற்குக் கணனி அமைதியாக இருக்கவேண்டும். அந்த வாசலோ, தவறான பெயரோடு வந்து தட்டுவோரைத் திருப்பியனுப்புவதற்கே வேண்டாத அளவு உழைத்துக்கொண்டிருந்தது. முன்பு ஏறத்தாழ 0.3 செக்கனில் முடிந்த நுழைவுச் சோதனை, இப்போது 0.8 செக்கன் எடுத்தது. அரைச் செக்கன், நேயர்களே! பேருந்துக்கு ஒரு மணி நேரம் காத்துநின்று, அது வராவிட்டால் அடுத்ததற்குக் காத்துநிற்கும் நமக்கு, அரைச் செக்கனுக்கு ஒருவர் எரிச்சற்பட்டார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. அவர் எரிச்சற்பட்டார். ஏன் என்று கேட்டார். சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையிலே கண்ட பொருந்தாத எச்சரிக்கை ஒன்றையும் நினைவுகூர்ந்து, இழையைப் பற்றி இழுத்துக்கொண்டே போய்ப் பாம்பின் வாலைப் பிடித்துவிட்டார். 2024ஆம் ஆண்டு பங்குனி 29ஆந் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, அதை உலகுக்கு அறிவித்தார். விடுமுறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணனிப் பொறுப்பாளர்கள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினர். இந்தப் புரொய்ண்ட் சம்பளம் பெறுவது எங்கே தெரியுமா? மைக்ரோசொப்ட் கொம்பனியில். 2001ஆம் ஆண்டிலே புற்றுநோய் என்று கூறிய அதே வீட்டிலிருந்து 2024ஆம் ஆண்டிலே வைத்தியர் வந்தார்.

இதன்பின் எழுந்த வாதத்திலே இரு கட்சியாரும் வெற்றி முழக்கினர். கதவைத் திறந்துவைத்தால் கள்வன் வருவான் என்றோமே என்றது ஒரு கட்சி. திறந்திருந்தபடியாலன்றோ பிடிபட்டான் என்றது மற்றது. என் கருத்தையுஞ் சொல்லிவிடுகிறேன். மூலநிரல் பூட்டியிருந்தால் புரொய்ண்ட் எரிச்சற்பட்டிருப்பார், அதற்குமேல் ஒன்றுஞ் செய்திருக்கமுடியாது. ஆதலால் நான் இரண்டாங் கட்சியையே சேர்ந்தவன். ஆயினும் முழக்கத்திற் பங்குகொள்ளேன். பல்லாயிரங் கண்களுள் ஒரு சோடிதான் விழித்திருந்தது. அதுவும் வேறெதையோ பார்க்க வந்த சோடி. அன்றியும் அப்பூட்டை உடைக்கப் பயன்பட்ட கடப்பாரை எது என்று எண்ணிப்பார்க்கவேண்டும். கணித சூத்திரமன்று, ஏச்சு. இனாமாக உழைத்துக் களைத்த ஒருவரை நாலுபேர் கூடி நின்று ஏசினால் அவர் திறவுகோலைக் கொடுத்துவிடுவார் என்று அந்தக் கள்வர் கணக்குப் போட்டனர். கணக்குச் சரியாகவே வந்தது. அந்த ஏச்சு எவர்க்கும் ஐயந் தராமைக்குக் காரணம், திறந்த மூல உலகத்திலே அது நாளாந்த வழக்கு. கள்வர் புதிதாக எதையும் புனையவேண்டியிருக்கவில்லை. ஊராரைப்போற் பேசினர், அவ்வளவே.

நன்றியைக் காசாக மாற்றும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2014ஆம் ஆண்டுப் பிழைக்குப் பிறகு பெருங் கொம்பனிகள் சில கூடி ஒரு நிதி வைத்தன. ஜேர்மனி அரசு 2022ஆம் ஆண்டிலே இத்தகைய அடிப்படை மென்பொருள்களைப் பேணுவோர்க்குப் பணம் வழங்கும் ஒரு நிதியத்தைத் தொடங்கியது; ஸ்டென்பேர்க்கின் கேர்ல் அதன் உதவி பெற்றவற்றுள் ஒன்று. வீதி போடவும் பாலங் கட்டவும் வரிப்பணத்தை எடுக்கும் அரசு, எல்லாரும் நடக்கும் இந்தப் பாலத்துக்கும் எடுப்பது முறையே. வேறு அரசுகள் ஏன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றன என்று கேட்டால், கிணறு தன்னைத்தானே இறைத்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையைத்தான் நான் சுட்டமுடியும்.

ஜியா தான் என்பவர் ஒருவரா பலரா, எந்த நாட்டவர் என்பது வெளிப்படவில்லை. செய்தி வெளிவந்தவுடன் கிட்ஹப் களஞ்சியத்தார் எக்ஸ்-இசெட்டின் இருப்பிடத்தைப் பூட்டினர். அவசரத்திலே கள்வனோடு வீட்டுக்காரரின் கணக்கையுஞ் சேர்த்து முடக்கிவிட்டனர். பின்லாந்துப் பெரியவர் அவ்வேளை இணையத்தை விட்டுச் சில நாள் ஓய்விலே இருந்தார். திரும்பி வந்து பார்த்தவர் எவரையும் ஏசவில்லை. நடந்தது இது, நான் அறிந்தது இது என்று தம் தளத்திலே சுருக்கமாக எழுதிவைத்தார். அவர் கணக்கும் பின்னர் மீண்டது. அதன்பின் ஜியா தான் தொட்ட வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் வேலையில் இறங்கினார். நஞ்சு நீக்கிய 5.6.2ஆம் பதிப்பு 2024ஆம் ஆண்டு வைகாசி 29ஆந் திகதி வெளிவந்தது.